'எனக்குத் தமிழ் சரியா வராது பாப்பா': சரளமாகத் தமிழ் பேசுபவர்கள் ஏன் இப்படிச் சொல்கிறார்கள்?

ஒரு திங்கட்கிழமை காலை. விழுப்புரம் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். வேறொரு செய்திக்காகப் போயிருந்தேன். மரத்தடியில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா, கையில் நோட்டும் பேனாவுமாக நின்ற என்னைப் பார்த்து, மனு எழுதிக் கொடுப்பவள் என்று நினைத்துவிட்டார்.

"எங்க வூட்டுக்காரரு பூட்டாரு பாப்பா. ரெண்டு வருசம் ஆவுது. பட்டா இன்னும் அவரு பேர்லயே கெடக்குது. பசங்களும் சரின்னுட்டாங்க. அத்த எம் பேருக்கு மாத்திக்கினா, பேங்க்ல கடன் வாங்கி இந்தப் பட்டத்துக்கு மல்லாட்டை போட்டுருவேன்."

முப்பது நொடி கூட ஆகியிருக்காது. யாருக்குப் பிரச்சினை, எவ்வளவு நாளாக, என்ன வேண்டும், எதற்காக வேண்டும் என்று நாலும் வந்துவிட்டது. செய்தியின் முதல் பத்தியில் இதெல்லாம் இருக்கணும் என்று சொல்லிக் கொடுக்க, எங்களுக்கு ஒரு செமஸ்டர் ஆனது.

"இதையே நீங்க அப்படியே எழுதிடலாமேம்மா" என்றேன்.

"அய்ய, நாலாங்கிளாஸ் வரைக்கும் போயிருக்கேன், எழுத்துக்கூட்டிப் படிப்பேன். ஆனா எனக்குத் தமிழ் சரியா வராது பாப்பா. நீயே நல்ல தமிழ்ல எழுதிக் குடு."

எழுதிக் கொடுத்தேன். 'மேற்படி நிலத்தில் நிலக்கடலை சாகுபடி செய்துவரும் மனுதாரராகிய நான்' என்று ஆரம்பித்து ஒரு பக்கம். வாசித்தும் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதுல நான் சொன்னது எங்க பாப்பா இருக்கு?" என்றார்.

திண்டிவனம் திரும்பும் பஸ்ஸில் அந்தக் கேள்வி கூடவே வந்தது. பிறந்ததிலிருந்து தமிழைத் தவிர வேறு எதுவும் பேசாத ஒருவர், தமிழிலேயே, 'எனக்குத் தமிழ் வராது' என்கிறார். அதை நாமும் சாதாரணமாக ஏற்றுக்கொள்கிறோம். எப்படி?

இதுக்கு ஒரு பேர் இருக்கு

இந்த நிலைமை நமக்கு மட்டும் உள்ளது கிடையாது. அமெரிக்க மொழியியலாளர் சார்ல்ஸ் ஃபெர்குசன் 1959ல் 'டைகுளோசியா' என்ற தலைப்பில் ஒரு கட்டுரை எழுதினார். தமிழில் இதை இரட்டை வழக்கு என்கிறோம். அவர் எடுத்துக்கொண்ட நான்கு உதாரணங்கள்: அரபி, நவீன கிரேக்கம், சுவிட்சர்லாந்து ஜெர்மன், ஹெய்ட்டியின் கிரியோல்.

அவர் சொன்னதன் சாரம் இதுதான். சில சமூகங்களில் ஒரே மொழி இரண்டு உருவத்தில் வாழும். ஒன்று பாடப்புத்தகம், செய்தி, மேடை, அரசு ஆணைக்கு. இன்னொன்று வீடு, சந்தை, சண்டை, காதலுக்கு. முதலாவதைப் பள்ளிக்குப் போய்த்தான் கற்க வேண்டும். எந்த வீட்டிலும், எவ்வளவு படித்தவர் வீட்டிலும், அது அன்றாடப் பேச்சாக இருக்காது. தமிழ்ப் பேராசிரியரும் வீட்டில் 'சாப்டாச்சா'ன்னுதான் கேட்பார்.

அந்தக் கட்டுரையில் என்னை நிறுத்திய இடம் ஒன்று உண்டு. அரபி பேசுபவர்கள், 'இன்னாருக்கு அரபி தெரியாது' என்று சொல்வதுண்டாம். அந்த இன்னார் அரபியில் பிரமாதமாகப் பேசக்கூடியவராக இருப்பார். எழுத்து அரபி தெரியாது என்பதுதான் அதற்கு அர்த்தம். சொல்பவரும் அதைப் பேச்சு அரபியில்தான் சொல்லிக்கொண்டிருப்பார்!

ஃபெர்குசனின் நாலில் தமிழ் இல்லை. ஆனால் அடுத்த வருஷமே, 1960ல், மொழியியலாளர் சண்முகம் பிள்ளை தமிழின் இலக்கிய வழக்கையும் பேச்சு வழக்கையும் ஒப்பிட்டு எழுதினார். 1986ல் ஃபிரான்சிஸ் பிரிட்டோ தமிழை வைத்தே இந்தக் கோட்பாட்டைச் சோதித்து ஒரு முழுப் புத்தகம் போட்டார். அதனால் நம்மைப் புரிந்துகொள்ள அரபிக்காரர்களைக் கொஞ்சம் பார்ப்பது நல்லது. அவர்கள் நிலைமை நம்முடையதைவிட இன்னும் கூர்மையானது.

ஒரு 'இப்போ', ஐந்து வார்த்தை

அரபு லீகில் 22 உறுப்பு நாடுகள். எல்லாவற்றுக்கும் எழுத்து மொழி ஏறக்குறைய ஒன்றுதான். அதற்குப் பேர் ஃபுஸ்ஹா. செய்திச் சேனல், பாடப்புத்தகம், ஐ.நா. அவை எல்லாம் அதில்தான் நடக்கும். ஆனால் பேச்சு?

'இப்போது' என்ற ஒரு சொல்லை எடுத்துக்குங்க. எழுத்து அரபியில் 'அல்-ஆன்'. எகிப்தில் 'தில்வக்தி'. லெபனான், சிரியாவில் 'ஹல்லா'. வளைகுடாவில் 'அல்ஹீன்'. மொராக்கோவில் 'தாபா'. நாகர்கோவில்காரரும் திண்டிவனத்துக்காரரும் 'இப்போ', 'இப்ப' என்று சொல்லி எப்படியோ புரிந்துகொள்வோம். மொராக்கோக்காரரும் குவைத்காரரும் அவரவர் பேச்சிலேயே நின்றால் திணறத்தான் வேண்டும்.

எழுத்து அரபிக்கு இன்னொரு பலமும் உண்டு. அது குர்ஆனின் மொழியோடு தொடர்புள்ளது. அதனால் அதன் மேல் இருக்கும் மரியாதை வெறும் படிப்பின் மரியாதை இல்லை. அந்த மரியாதையின் நிழலில், வீட்டுப் பேச்சு 'உடைந்த அரபி' போலத் தெரிகிறது. 'எங்க பேச்சுக்கு இலக்கணமே கிடையாது' என்று அரபிக்காரர்களே சொல்வது வழக்கம்.

இந்த இடைவெளியை நான் முதலில் பார்த்தது புத்தகத்தில் இல்லை, எங்கள் தெருவில். என் பெரியப்பா பதினோரு வருஷம் குவைத்தில் டிரைவர். அரபியில் பேரம் பேசுவார், போனில் சண்டை போடுவார், ஜோக் அடிப்பார். ஓர் எழுத்து வாசிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டுத் தம்பி மதரஸாவில் ஓதக் கற்றவன். அரபி எழுத்தைப் பார்த்தால் கடகடவென்று வாசிப்பான். ஆனால் அரபியில் 'தண்ணி குடு' என்று கேட்க வராது.

ஒருமுறை பெரியப்பாவின் வேலை ஒப்பந்தத் தாள் ஒன்று வந்தது. இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். தம்பி தடுமாறினான். அவன் ஓதிய குர்ஆனில் உயிர்க்குறிகள் எல்லாம் போட்டிருக்கும். சாதாரணக் காகிதங்களில் அது இருக்காது. எப்படியோ கூட்டி வாசித்தான். பெரியப்பா முழித்தார். "நான் பேசுற அரபி இது இல்லடா" என்றார். கடைசியில் கீழே இருந்த இங்கிலீஷை வைத்துத்தான் விஷயம் தெரிந்தது. ஒருத்தருக்குக் காது, ஒருத்தருக்குக் கண். நடுவில் பாலம் இல்லை.

மல்லாட்டைக்கு எத்தனை பேர்?

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். விழுப்புரம், திண்டிவனம் பக்கம் அது மல்லாட்டை. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தின் விலைப்பட்டியலில் அது மணிலா. பாடப்புத்தகத்தில் நிலக்கடலை. சென்னை சூப்பர் மார்க்கெட் பாக்கெட்டில் வேர்க்கடலை.

நான் மூன்றாம் வகுப்பில், 'உங்கள் ஊரில் விளையும் பயிர்கள் யாவை?' என்ற கேள்விக்கு 'நெல், கரும்பு, மல்லாட்டை' என்று எழுதினேன். மல்லாட்டைக்குச் சிவப்பு வட்டம். 'கொச்சைச் சொல்' என்று பக்கத்தில் ஒரு குறிப்பு. அரை மார்க் போச்சு. மார்க்கை மறந்துவிட்டேன், வட்டத்தை மறக்கவில்லை. அன்று சாயங்காலம் அம்மா மல்லாட்டை அவித்துக் கொடுத்தபோது, 'அது தப்பும்மா, நிலக்கடலைன்னு சொல்லணும்' என்று திருத்தினேன். அம்மா சிரித்தார். இப்போது நினைத்தால் எனக்குத்தான் சங்கடமாக இருக்கிறது.

அந்தக் 'கொச்சைச் சொல்'லின் கதையைப் பாருங்க. கடல் கடந்து வந்த பயிருக்குப் பிலிப்பைன்ஸ் நாட்டு மணிலா நகரத்தின் பேர் ஒட்டிக்கொண்டது. மணிலாக்கொட்டை என்பது வாயில் உருண்டு உருண்டு மல்லாக்கொட்டை ஆகி, மல்லாட்டை ஆனது. ஒரு வணிகப் பாதையின் வரலாறே அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. இன்னொன்று: திண்டிவனத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கிருந்து வந்த டிஎம்வி ரக நிலக்கடலைகள் பெயர் பெற்றவை. அந்த டிஎம்வி என்பதே திண்டிவனத்தின் சுருக்கம். ஊர்ப் பெயரை விதைக்கு வைத்தோம். ஊர்ச்சொல்லுக்குத்தான் சிவப்பு வட்டம் போட்டோம்.

பேச்சுக்கு இலக்கணம் இல்லையா?

இருக்கிறது. நாம் பார்ப்பதில்லை, அவ்வளவுதான். அந்த அம்மா சொன்ன 'அத்த' என்ற சொல்லையே எடுப்போம். அதை, இதை, எதை என்பவை எங்கள் பக்கம் அத்த, இத்த, எத்த. மூன்றும் ஒரே விதி. 'அத்த எடு' என்போம். 'அத்த வந்துச்சு' என்று மூணு வயசுக் குழந்தை கூடச் சொல்லாது. செயப்படுபொருளாக வரும்போது மட்டும்தான் அந்த உருவம். இது இரண்டாம் வேற்றுமை உருபுதான், வேறு உடுப்பில்.

'மாத்திக்கினா' என்பதில் இருக்கும் 'கினு', எழுத்துத் தமிழின் 'கொண்டு'. பேச்சில் 'வந்தான்' என்று சொல்லும்போது கடைசி 'ன்' முழுசாக வருவதில்லை, மூக்கொலியாகி உயிரோடு கரைந்துவிடும். அந்த ஒலிக்கு நம் 247 எழுத்தில் ஓர் எழுத்து கிடையாது. ஹெரால்ட் ஷிஃப்மன் 1999ல் பேச்சுத் தமிழுக்கென்றே ஓர் இலக்கண நூல் வெளியிட்டார். விதி இல்லாத ஒன்றுக்கு இலக்கணப் புத்தகம் எழுத முடியாதே.

இலக்கியம் இதை எப்பவோ ஒத்துக்கொண்டுவிட்டது. இமையத்தின் நாவல்களில் இந்தப் பக்கத்துப் பேச்சுதான் ஓடுகிறது. அவருக்கு 2020ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாடமி விருது கிடைத்தது. கண்மணி குணசேகரன் நடுநாட்டுச் சொற்களைத் தொகுத்துத் தனி அகராதியே போட்டிருக்கிறார். நாவலில் ரசிக்கிற பேச்சை, விடைத்தாளிலும் மனுவிலும் பார்த்தால் மட்டும் நமக்கு ஏன் கூசுகிறது?

குழந்தைகளுக்கு என்ன ஆகிறது?

பெருமை, கூச்சம் என்பதோடு விஷயம் முடிந்தால் இதை ஒரு மீமோடு விட்டுவிடலாம். ஆனால் இது வாசிக்கக் கற்பதையே தொடுகிறது.

அரபியில் இதை நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். எலினோர் சயேக்-ஹத்தாத் 2003ல் வெளியிட்ட ஆய்வு, மழலையர் வகுப்பிலும் ஒன்றாம் வகுப்பிலும் இருந்த அரபிக் குழந்தைகளைப் பற்றியது. ஒரு சொல்லில் உள்ள ஒலிகளைத் தனித்தனியாகப் பிரித்துச் சொல்லச் சொன்னால், வீட்டுப் பேச்சில் உள்ள ஒலிகளைவிட எழுத்து மொழியில் மட்டும் உள்ள ஒலிகளைப் பிரிப்பது அவர்களுக்குக் கஷ்டமாக இருந்தது. வாசிப்புக்கு அடிப்படையே அந்தப் பிரித்தறியும் திறன்தான்.

2005ல் ரஃபீக் இப்ராகிமும் ஜூடித் அஹரோன்-பெரெட்சும் இன்னும் ஒரு படி போனார்கள். அரபியைத் தாய்மொழியாகக் கொண்டு, ஹீப்ருவும் தெரிந்த மாணவர்களைச் சோதித்தார்கள். எழுத்து அரபி அவர்கள் மனதில் தாய்மொழி போல நடந்துகொள்ளவில்லை, ஹீப்ருவைப் போல ஓர் இரண்டாம் மொழியாகவே நடந்துகொண்டது என்பது அவர்கள் முடிவு. தாய்மொழிப் பாடம் என்று பேர் போட்ட புத்தகம், குழந்தைக்குப் பாதி அந்நிய மொழியாக இருக்கலாம் என்று அர்த்தம்.

தமிழில் இடைவெளி அந்த அளவு இல்லை. ஆனால் இருக்கிறது. வீட்டில் 'வூடு' என்று கேட்டு வளர்ந்த குழந்தை, புத்தகத்தில் 'வீடு' என்று பார்க்கிறது. 'வந்துக்கினு இருக்காங்க' என்று சொல்லும் குழந்தைக்கு 'வந்துகொண்டிருக்கிறார்கள்' ஒரு மலைப்பாம்பு. வீட்டில் புத்தகமும் பத்திரிகையும் இருக்கிற குழந்தை எப்படியோ பழகிவிடும். அது எதுவும் இல்லாத வீட்டுக் குழந்தைக்குத்தான் அடி. அதுவும் யாரும் 'இது வேற, அது வேற, ரெண்டும் உன்னோடதுதான்' என்று சொல்லிக் கொடுக்காமல், 'தப்பு' என்று மட்டும் சொன்னால்?

போன் கையில் வந்த பிறகு

உங்கள் வாட்ஸ்அப்பைத் திறந்து பாருங்க. நண்பர்களிடம் 'சென்றுகொண்டிருக்கிறேன்' என்று டைப் பண்ணியிருக்கீங்களா? பேச்சு மொழிக்கென்று எழுத்து மரபு இல்லாததால், நாம் அதை ஆங்கில எழுத்தில் தள்ளிவிட்டோம். தங்லீஷ்.

அரபு இளைஞர்களும் அதையேதான் செய்தார்கள். அதற்குப் பேர் அரபீஸி. ஆங்கில எழுத்தில் இல்லாத அரபி ஒலிகளுக்கு எண்களைப் போட்டார்கள். 'மர்ஹபா'வில் வரும் ஒலிக்கு 7, 'ஐன்' என்ற எழுத்துக்கு 3. அந்த எண்கள் பார்க்க அந்த எழுத்துகளின் சாயலில் இருக்கும். வரலாற்றில் முதல் முறையாக, கோடிக்கணக்கானவர்கள் வீட்டுப் பேச்சைத் தினமும் எழுதுகிறார்கள். எகிப்து அரபிக்கென்று 2008ல் தனி விக்கிப்பீடியாவே வந்துவிட்டது. நாம் என்ன நினைத்தாலும் பேச்சு மொழி எழுத்துக்குள் வந்துவிட்டது.

அப்போ எல்லாத்தையும் பேச்சிலேயே எழுதிடலாமா?

இங்கேதான் அவசரப்படக் கூடாது. முதல் கேள்வி: யாருடைய பேச்சில்? திண்டிவனத்தின் 'கினு'வா, கோவையின் 'ங்'கா, யாழ்ப்பாணத்தின் பேச்சா? எழுத்துத் தமிழ் இத்தனை ஊரையும் நாட்டையும் ஒரு பக்கத்தில் உட்கார வைக்கிறது. அதைத் தூக்கிப் போட்டால், வசதியுள்ள ஏதோ ஓர் ஊரின், ஏதோ ஒரு பிரிவின் பேச்சுதான் அந்த இடத்துக்கு வரும்.

இரண்டாவது, எழுத்து மொழி அதிகாரம். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வுகளில் தமிழ்த் தாளில் குறைந்தது 40 சதவீதம் எடுத்தாக வேண்டும் என்று அரசு 2021 டிசம்பரில் ஆணையிட்டது. அந்த மரத்தடி அம்மாவின் பேத்திக்கு நல்ல எழுத்துத் தமிழ் கிடைத்தே ஆகணும்.

மூன்றாவது, இதில் கை வைத்தால் உணர்ச்சி கொந்தளிக்கும். 1901ல் ஏதென்ஸில் நற்செய்தி நூலைப் பேச்சுக் கிரேக்கத்துக்கு மாற்றியதற்காகக் கலவரம் நடந்து எட்டுப் பேர் செத்தார்கள். கிரேக்கம் பேச்சை ஒட்டிய வடிவத்தை அதிகாரபூர்வ மொழியாக்க 1976 வரை ஆனது. மொராக்கோவில் 2018ல் தொடக்கப் பள்ளிப் புத்தகத்தில் பக்ரீர், பிரிவாத் என்று ஊர்ப் பலகாரப் பெயர்கள் சில வந்ததற்கே நாடு முழுக்கச் சண்டை. பலகாரப் பெயருக்கு! நம்ம மல்லாட்டை கதைதான்.

ஆகவே, ஒன்றைக் கொன்று ஒன்றை வாழவைக்கச் சொல்லவில்லை. நடுவில் ஒரு பாலம் போடச் சொல்கிறோம்.

பாலம் எப்படி இருக்கும்?

வகுப்பறையில் தொடங்கலாம். சிங்கப்பூரில் 2005ல் தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு பேச்சுத் தமிழை வகுப்பறைக்குள் கொண்டுவரச் சொன்னது. வீட்டில் தமிழ் குறைந்துகொண்டே போகும்போது, வகுப்பில் எழுத்துத் தமிழை மட்டும் பேச வைத்தால், குழந்தைகள் தமிழை வாழ்க்கையோடு சேராத ஒன்றாக நினைத்துவிடுவார்கள் என்ற கவலைதான் காரணம். எழுத்துத் தமிழை அவர்கள் கைவிடவில்லை.

நமக்கும் தளம் தயாராகவே இருந்தது. 2021 அக்டோபர் 27ல் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைத் தொடங்கிவைத்த இடம், விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் பக்கத்து முதலியார்குப்பம். அந்தத் திட்டத்தின் தன்னார்வலர்கள் அதே தெருக்காரர்கள், குழந்தையின் பேச்சைப் பேசுபவர்கள். 'நீ மல்லாட்டைன்னு சொல்ற, மார்க்கெட்ல மணிலான்னு போடுவாங்க, புக்குல நிலக்கடலைன்னு இருக்கும்' என்று மூன்றையும் பலகையில் எழுத அவர்களைவிடப் பொருத்தமானவர் யார்? அது முறையான ஆசிரியர் பயிற்சியிலும் வரணும். சிவப்பு வட்டத்துக்குப் பதில் ஓர் அம்புக்குறி போதும்.

அடுத்து அரசு அலுவலகம். மனுவில் வேண்டியது தகவல், அலங்காரம் இல்லை. மனுதாரர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே ஒரு பத்தி பதிவு செய்ய ஓர் இடம் ஒதுக்கலாம். கையெழுத்து வாங்கும் முன் வாசித்துக் காட்டலாம். பதிலும் அவருக்குப் புரிகிற தமிழில் போகலாம். 'மேற்படி', 'பார்வையில் காணும்' எல்லாம் இல்லாமலும் பட்டா மாறும்.

மூன்றாவது நாங்கள், ஊடகங்கள். கிராமத்துப் பெண் பேசுவதை எழுதும்போது தானாகவே திருத்திவிடுகிறோம், இல்லையென்றால் காமெடிக்காக மட்டும் அப்படியே போடுகிறோம். படித்தவர் பேச்சுக்கு மேற்கோள் குறி, படிக்காதவர் பேச்சுக்குச் சிரிப்பு எமோஜி. இதை எங்கள் டெஸ்க்கிலிருந்தே நிறுத்தணும். இந்தக் கட்டுரையே பாதி எழுத்து, பாதி பேச்சாகத்தான் இருக்கிறது. நீங்கள் இவ்வளவு தூரம் வாசித்திருந்தால், தமிழ் ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்று அர்த்தம்.

அந்தத் திங்கட்கிழமை, மனுவைத் திரும்ப வாங்கி, கீழே கொஞ்சம் இடம் இருந்ததால், அந்த அம்மாவிடமே பேனாவைக் கொடுத்தேன். "நீங்க சொன்னதை இங்க ஒரு வரி எழுதுங்கம்மா" என்றேன். ரொம்ப நேரம் யோசித்தார். பிறகு எழுத்துக்கூட்டி எழுதினார்: 'பட்டா எம்பேருக்கு மாத்தி குடுங்க. மல்லாட்ட போடனும்.'

ஒரு பக்க மனுவில், எனக்குப் புரிந்த தமிழ் அந்த ஒரு வரிதான்.